கைநாட்டு பி.ஏ.

சோணைமுத்து மொழியியல் படிக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. 1972 ஜூன் மாதம் அவன் பொட்டல் கல்லூரிக்குப் போனது வணிகவியலில் சேரத்தான். நாச்சியாபுரத்திற்கும் குன்றக்குடிக்கும் நடுவில், செம்மண்ணும் முள்ளுச்செடியும் தவிர வேறொன்றும் இல்லாத வெளியில் இருந்ததால் அந்தக் கல்லூரிக்கு அப்படிப் பெயர். அதைக் கட்டியவர்கள் வைத்த பெயர் இதைவிட நான்கு மடங்கு நீளம். அது கடிதத்தாளில் மட்டும் இருந்தது.

வணிகவியல் சன்னல் முன் வரிசை வாசல் வேப்பமரம் வரை நீண்டிருந்தது. பக்கத்துச் சன்னலில் ஈ காக்கை இல்லை. தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாமே என்று சோணைமுத்து அங்கே போய் நின்றான். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு வந்து அவன் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டது. அந்தக் கை மொழியியல் துறைத் தலைவர் பேராசிரியர் அழகுசுந்தரத்தினுடையது. பத்து மாணவர் சேராவிட்டால் துறையை மூடிவிடலாம் என்று பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. அதுவரை ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். சோணைமுத்துவுக்குத் தண்ணீரும் கிடைத்தது, பி.ஏ. மொழியியலில் இடமும் கிடைத்தது.

அவன் தாய் கருப்பம்மாளுக்கு மகன் எதைப் படிக்கிறான் என்பது பெரிதாகப் படவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை ஒன்று வரப்போகிறது, ஏதாவது ஒரு டிகிரியோடு வந்தால் பார்க்கலாம் என்று சங்கத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஏதாவது என்பதில் இதுவும் அடங்கும் அல்லவா. கடலைக் கொல்லையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு அவள் மகனைப் படிக்க அனுப்பினாள். மகன் மொழி படிக்கிறான் என்று களை எடுக்க வந்த பெண்களிடம் சொன்னாள்.

அந்தச் செய்தி நெற்குப்பை வரை போய்விட்டது. அங்கே பெரிய வீட்டு நாகம்மை ஆச்சி ஆள் விட்டு அவனை வரவழைத்தார். அப்பச்சி காலத்தில் ரங்கூனிலிருந்து வந்த பெட்டி ஒன்றின் உள்மூடியில் பர்மா எழுத்தில் நாலு வரி இருந்தது. அதை வாசிக்கச் சொன்னார். வட்ட வட்டமாக இருந்த எழுத்துகளைச் சோணைமுத்து வெகுநேரம் பார்த்தான். தனக்குப் பர்மாக்காரர் பாஷை தெரியாது, கல்லூரியில் எந்த மொழியும் கற்றுக்கொடுப்பதில்லை, மொழி என்றால் என்ன என்று மட்டும்தான் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னான். ஆச்சி அவனுக்குச் சீப்புச் சீடையும் காப்பியும் கொடுத்து, "பரவாயில்ல தம்பி, இப்பத்தானே சேந்துருக்கே" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

முதல் வகுப்பிலேயே சோணைமுத்துவுக்குத் துறையின் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. பேராசிரியர் அழகுசுந்தரம் மேசையின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"மொழியில் சரி என்றும் தவறு என்றும் எதுவும் கிடையாது. உழவன் பேசுவதும் மொழி, ஓதுவார் பேசுவதும் மொழி. பேச்சில் உயர்வு தாழ்வு காண்பவன் மொழியியலாளனே அல்லன். இதை நீங்கள் பிழையில்லாத தமிழில் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டும்."

பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தபோதெல்லாம் குட்டு வாங்கிய சோணைமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. எழுந்து நின்றான். "அப்ப நாங்க பேசுறதும் சரிதேன்னு சொல்றீக. நாளைக்கும் நீங்கதேன் வாரீகளா சார்?" என்று கேட்டான்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாரீக அல்ல, வருகிறீர்கள்" என்றார். பிறகு நீல அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் அவன் பெயரை எழுதினார். அந்த நோட்டுக்கு வழுப்பதிவேடு என்று பெயர். வகுப்பில் யாராவது ஊர்ப் பேச்சுப் பேசினால் சொல்லுக்கு அரை மார்க் வீதம் துறை மதிப்பெண்ணில் குறையும். மற்ற ஒன்பது பேரும் விவரமானவர்கள். வகுப்பில் பேசுவதையே விட்டுவிட்டார்கள். மொழியியல் துறையில் மூன்று வருடம் யாரும் வாய் திறக்காமல் பாடம் சிறப்பாக நடந்தது. சோணைமுத்துவால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. அவனுக்குச் சந்தேகம் வந்துகொண்டே இருந்தது. வந்த சந்தேகம் அவன் பாஷையிலேயே வந்தது. முதல் நோட்டு முடிந்து இரண்டாவது நோட்டுப் போட்டார்கள்.

இரண்டாம் ஆண்டில் ஒலியியல் பாடத்துக்காக மனிதத் தலையைப் பாதியாகப் பிளந்தது போன்ற ஒரு பொம்மையைப் பல்கலைக்கழகம் அனுப்பி வைத்தது. அதில் நாக்கைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். கழன்றால் தொலையும் என்று அஞ்சிய பேராசிரியர் பொம்மையைப் பீரோவில் வைத்துப் பூட்டி, நாக்கைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஆகவே அது தொலைந்தது. இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்க வந்தவர் துறையில் நாக்கு ஒன்று குறைகிறது என்று எழுதிவிட்டுப் போனார். பத்து மாணவரும் தங்களிடம் நாக்கு இல்லை என்று தனித்தனியே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். துறை அதைக் கோப்பில் வைத்துக்கொண்டது.

மூன்றாம் ஆண்டில்தான் விஷயம் சூடு பிடித்தது. ராமநாதபுரம் மாவட்டப் பேச்சை ஆராய்ந்து எழுதும்படி பல்கலைக்கழகம் துறைக்கு உத்தரவிட்டது. கடைசி ஆண்டு செய்முறைத் தேர்வும் அதைச் சார்ந்தே நடக்கும். அதற்கு ஒரு தகவலாளி தேவை. தகவலாளி என்றால், உட்கார்ந்து கேட்ட கேள்விக்குத் தன் பேச்சில் பதில் சொல்பவர். மாணவர்கள் அதை எழுதிப் பிரித்துப் பார்ப்பார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியக் கூடாது, பல் விழுந்திருக்கக் கூடாது, சொந்த ஊரிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் போயிருக்கக் கூடாது என்று விதி சொல்லியது.

பேராசிரியர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். எழுத்தறிவில்லாதவர்கள் தம் கைப்பட எழுதிய விண்ணப்பத்தை மூன்று படிகளில் அனுப்ப வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. இந்த மாவட்டத்தில் எழுத்தறிவின்மை முற்றாக ஒழிந்துவிட்டது போலும் என்று அவர் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

சோணைமுத்துதான் பிள்ளையார்பட்டிக்குப் போய், கோயில் வாசலில் தேங்காயும் அருகம்புல்லும் விற்கும் அக்கம்மாளை அழைத்து வந்தான். ஐம்பது வயது, முப்பத்திரண்டு பல். வாய் திறந்தால் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பேராசிரியர் அவள் பற்களை எண்ணிச் சரிபார்த்துவிட்டு ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டார். "உங்கள் தொழில் என்ன?" என்றார்.

அக்கம்மாள் கருவியைப் பார்த்தாள். அப்படியொரு பெட்டியை அவள் கட்சிக் கூட்டங்களில் மேடைக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள். "பேரன்பு கொண்ட பெரியோர்களே, யான் தேங்காய் விற்பனை செய்துகொண்டிருக்கின்றேன்" என்றாள்.

அன்று முழுவதும் அப்படியே போயிற்று. கருவியை நிறுத்தியதும் அவள் சோணைமுத்துவிடம் திரும்பி, "வெரசா விடச் சொல்லுப்பு, அங்குட்டு யேவாரம் கெட்டுப்போகும்" என்றாள். இதுதான் நாம் தேடுவது என்று சோணைமுத்து பேராசிரியரிடம் சொல்லிப் பார்த்தான். கருவி ஓடாதபோது பேசுவது தரவு ஆகாது என்று அவர் விளக்கினார். இம்மாவட்டத்துக் கல்லாத மக்கள் செந்தமிழே பேசுகிறார்கள் என்று அவர் எழுதிய கட்டுரை ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்டு, கைதட்டலும் பெற்றது. வழுப்பதிவேட்டில் சோணைமுத்துவுக்கு மேலும் ஒன்றரை மார்க் குறைந்தது.

1975 ஏப்ரலில் செய்முறைத் தேர்வு வந்தது. வெளித் தேர்வாளராகப் பேராசிரியர் குழந்தைவேலு பல்கலைக்கழகத்திலிருந்து வந்து இறங்கினார். அன்றைக்குப் பார்த்துச் சங்கடஹர சதுர்த்தி. பிள்ளையார்பட்டியில் கூட்டம் நெரியும். கற்பகப் பிள்ளையாரே எழுந்து வந்து கூப்பிட்டாலும் இன்று கடையை விட்டு வர முடியாது என்று அக்கம்மாள் சொல்லி அனுப்பிவிட்டாள்.

தகவலாளி இல்லை என்றால் தேர்வு இல்லை. தேர்வு இல்லை என்றால் துறை இல்லை. அழகுசுந்தரம் தம் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பிறகு வழுப்பதிவேட்டைப் புரட்டினார். மூன்று வருடத்துப் பக்கங்களும் ஒரே ஆளின் பேச்சால் நிறைந்திருந்தன. மாவட்டத்தில் இவ்வளவு முழுமையான தொகுப்பு வேறெங்கும் கிடையாது. சோணைமுத்துவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். துறையின் கௌரவம் அவன் கையில் இருப்பதாகவும், மூன்று ஆண்டுக் கல்வி அவன் பேச்சைச் சிறிதும் தொடவில்லை என்பது தமக்கு இப்போதுதான் பெருமையாக இருக்கிறது என்றும் சொன்னார். அவனுடைய தேர்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். காவல்காரரின் துண்டு அவன் தோளுக்கு வந்தது. 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்ற சான்றில் துறைத் தலைவர் கையெழுத்திட்டார். கீழே சோணைமுத்து இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினான்.

ஒன்பது மாணவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து அவன் முன் உட்கார்ந்தார்கள். மூன்று வருடமாகப் பேசாதிருந்தவர்களுக்குக் கேள்வி கேட்க வரவில்லை. வகுப்பில் ஒரே பெண்ணான வீரலட்சுமி நோட்டைத் திறந்து வெற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோணைமுத்து தானாகவே, "வாரீகன்னு பெரியவுகளச் சொல்லுவோம் தாயி. வாரேன்னா நானு, வாராகன்னா அவுக. முன்னாடி இருக்குறது மாறலை, வாலுதேன் மாறுது" என்று எடுத்துக் கொடுத்தான். அவள் மளமளவென்று எழுதினாள்.

குழந்தைவேலு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "முப்பதாண்டு அனுபவத்தில் இப்படியொரு தகவலாளியை நான் கண்டதில்லை. எங்கள் ஆசிரியர்களுக்கே இது தெரியாது. நல்லவேளை, இவர் படிக்கவில்லை. படித்திருந்தால் பாழாகியிருப்பார்" என்றார். அழகுசுந்தரம் தலையாட்டினார்.

பத்தாவதாகச் சோணைமுத்துவின் பெயரைக் கூப்பிட்டார்கள். சோணைமுத்து எழுந்து, "இருக்கேன் சார்" என்றான். உமக்கும் அதே பெயரா என்று குழந்தைவேலு வியந்தார். இந்தப் பக்கத்தில் குலசாமி பெயர், தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள் என்று அழகுசுந்தரம் முந்திக்கொண்டார். அந்தச் சோணைமுத்துவின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதப்பட்டது. எழுதும்போது அழகுசுந்தரம் இவன் பக்கம் திரும்பவே இல்லை.

மே மாதக் கடைசியில் முடிவு வந்தது. ஒன்பது பேர் தேறியிருந்தார்கள். சோணைமுத்து தோல்வி. கருப்பம்மாள் மகனைத் திட்டவில்லை. சங்கத் தலைவர் செப்டம்பர் முடிய வேலையை வைத்திருப்பாராம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனாள். அதுதான் அவனைச் சுட்டது. தேர்வு நாளில் காலை முதல் மாலை வரை தேர்வறையிலேயே இருந்ததாகப் பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதிப் போட்டான்.

ஜூலையில் விசாரணைக்கு அழைத்தார்கள். நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் பதிவாளரும், இருபுறமும் அழகுசுந்தரமும் குழந்தைவேலுவும் இருந்தார்கள். பதிவாளர் முன்னால் இரண்டு காகிதங்கள். ஒன்றில் சோணைமுத்துவின் கைநாட்டு, மற்றொன்றான மனுவில் அவன் அழகான கையெழுத்து.

"இளைஞரே," என்றார் பதிவாளர். "நீங்கள் படித்தவர் என்றால் தகவலாளி ஆகமாட்டீர்கள். உங்களை வைத்துத் தேறிய ஒன்பது பேரின் தேர்ச்சியும் ரத்தாகும். நீங்கள் படிக்காதவர் என்றால் மாணவர் ஆகமாட்டீர்கள். உங்கள் மூன்று ஆண்டும் ரத்தாகும். உண்மை எது என்பதைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் பிடிவாதமும் இல்லை. கோப்பில் ஒன்றுதான் இருக்க வேண்டும். அவ்வளவே."

சோணைமுத்து கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் மற்ற ஒன்பது பேரும் நின்றார்கள். வீரலட்சுமி சென்னையில் ஓர் அலுவலகத்தில் சேரச் சொல்லி வந்த உத்தரவைக் கைப்பையில் வைத்திருந்தாள். உள்ளே போகும்போது அவள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். ஒரு பக்கம் அவள் நின்றாள், இன்னொரு பக்கம் அம்மா கொல்லையில் நின்றாள். இருவரில் ஒருவரை விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் அவனால் முடியாது. மேசையில் கிடந்த இரு காகிதங்களையும் பார்த்தான். இரண்டிலும் தேதி இருந்தது. கைநாட்டு ஏப்ரலில் வைத்தது. கையெழுத்து ஜூனில் போட்டது.

"அன்னைக்கு எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுய்யா," என்றான் சோணைமுத்து. "அதுக்குப் பெறகு படிச்சுக்கிட்டேன்."

பதிவாளரின் முகம் மெல்ல மலர்ந்தது. இதை முன்பே மனுவில் தெளிவாக எழுதியிருக்கலாமே என்று கடிந்துகொண்டார். குழந்தைவேலுவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்: அப்படியானால் முதலிரண்டு ஆண்டுத் தேர்வுகளை எழுதியது எப்படி?

துறை கைநழுவிப் போவதைப் பார்த்த அழகுசுந்தரம் எழுந்தார். "அர்த்தம் தெரியாமல் எழுத்துகளின் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்து அப்படியே வரைந்துவிடுவார், ஐயா. எங்கள் துறையில் பெரும்பாலோர் அப்படித்தான் தேறுகிறார்கள்" என்றார்.

இது எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது. ஒன்பது பேரின் தேர்ச்சி நிலைத்தது. புதிதாக எழுத்தறிவு பெற்ற சோணைமுத்து செப்டம்பரில் செய்முறைத் தேர்வை மட்டும் எழுதலாம் என்று முடிவாயிற்று. எழுத்தறிவில்லாத ஒருவரை மூன்றே மாதத்தில் பட்டத் தேர்வுக்குத் தயார் செய்த சாதனைக்காகத் துறைக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்றும் வந்தது. அழகுசுந்தரம் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

செப்டம்பர் தேர்வுக்குச் சோணைமுத்து சதுர்த்தி இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லி, அக்கம்மாளைத் தானே அழைத்து வந்தான். அதே குழந்தைவேலு. அதே கருவி. கருவி ஓடத் தொடங்கியதும் அக்கம்மாள் எழுந்து, "பேரன்பு கொண்ட" என்று ஆரம்பித்தாள்.

சோணைமுத்து அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தான். "அது கெடக்கட்டும் ஆத்தா. அந்த எதுத்த கடைக்காரி இன்னமும் ஒன் கடைக்கு வாரவுகள இங்குட்டு வாங்கன்னு இழுக்குறாளா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். இருபது நிமிடம் கருவிச் சுருள் சுழன்றது. எதிர்த்த கடைக்காரி, அவள் புருசன், அவர்கள் விற்கும் அழுகல் தேங்காய் என்று ஒன்றையும் அக்கம்மாள் விடவில்லை. அந்தக் கருவி முன் அவள் ஒருநாளும் பேசியிராத தமிழ் அறை முழுவதும் ஓடியது. சோணைமுத்து ஒரு சொல்லையும் தவறவிடாமல் ஒலிப்பெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தான். அவன் முகத்தில் அப்போதிருந்த சந்தோஷத்தைப் பார்த்தவர் யாருமில்லை. பேராசிரியர்கள் இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதிவானது அனைத்தையும் எழுதி முடிக்க மேலும் அரை மணி நேரம் கொடுக்க வேண்டும் என்று விதியிருந்தது. குழந்தைவேலு கடிகாரத்தைப் பார்த்தார், மணி மூன்றரை. மதுரைக்கு நேராகப் போகும் பஸ் நாலு மணிக்கு. அடுத்தது மறுநாள். கருவியை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முப்பது வருடமாக மூடிவைத்திருந்தது அவரிடமிருந்து வெளியே வந்தது.

"என்னவே இது? இன்னும் அரை மணிக்கூறா? பஸ்ஸு போயிட்டுன்னா இந்தப் பொட்டக்காட்டுல நான் எங்கன கெடக்க?"

அழகுசுந்தரம் பதறிப்போனார். "பதறாதீக, அப்படியெல்லாம் உங்கள விட்டுருவோமா? இங்குட்டுக் கொல்லை வழியாப் போனீகன்னா ரோட்டுல நின்னு கைய காட்டி ஏறிக்கிரலாம். டிரைவரு நம்ம பயதேன்."

சோணைமுத்து குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தாள்களை நீட்டினான். தேர்வு எழுதுபவரைத் தவிரப் பதிவில் பேசும் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் இருக்க வேண்டும் என்பதால் மூன்று படிவங்கள் இணைத்திருந்தான். குழந்தைவேலு நின்றபடியே புரட்டினார். இரண்டாம் படிவத்தில், 'ஆண். வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். திருநெல்வேலிப் பக்கம். பேச்சு மிகத் தூய்மையானது. எழுத்தறிவு: இல்லை' என்றிருந்தது. மூன்றாம் படிவத்தில் பக்கத்தில் நின்ற அழகுசுந்தரத்தைப் பற்றியும் அப்படியே, ஊர் மட்டும் ராமநாதபுரம் பக்கம். கீழே தேர்வாளர் சான்றளிக்க இடம் விட்டிருந்தது.

"எழுத்தறிவு இல்லை என்று யார் சொன்னது?" என்று கேட்டார். குரல் மறுபடியும் செந்தமிழுக்கு வந்திருந்தது.

"இருக்குன்னு எழுதுனா அது தரவாகாதுன்னு விதியில இருக்கு சார். அம்புட்டு நல்லாப் பேசுனீக. வீணாக்க மனசு வரல."

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. படிவத்தைத் திருத்தினால் தரவு செல்லாது. தரவு செல்லாவிட்டால் தேர்வு செல்லாது. தேர்வு செல்லாவிட்டால் இன்னொரு முறை இந்தப் பொட்டலுக்கு வர வேண்டும். குழந்தைவேலு மூன்று படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, தோல்பையை அணைத்துக்கொண்டு கொல்லை வழியாக ஓடினார். அழகுசுந்தரம் பின்னாலேயே ஓடினார்.

தேர்வு முடிவு மாதக் கடைசியிலேயே வந்தது. செய்முறையில் நூற்றுக்கு எண்பத்தொன்பது. சங்கத்தில் வேலையும் கிடைத்தது. அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் அக்கம்மாளைப் பிள்ளையார்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிடச் சோணைமுத்து அவளோடு நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்றாள்.

"ஏப்பு, அந்த ரெண்டு பெரிய மனுசரும் வந்தப்போ வேற என்னமோ பாஷை பேசுனாக. கடைசியில ஆளுக்கொரு வகையா மனுசப் பேச்சுப் பேசிட்டாகளே. நீயா சொல்லிக் குடுத்தே?"

"ஆமாத்தா," என்றான் சோணைமுத்து. "மூணு வருசமாச்சு."